ஃபிலிம் கேமராவில் ஒளி கசிகிறது, யாராவது சரி செய்திருக்கிறீர்களா?

வணக்கம். தெரிந்தவர் ஒருவரிடம் 25 சிங்கப்பூர் வெள்ளிக்குப் பழைய 35 மிமீ காம்பாக்ட் கேமரா வாங்கினேன், பேட்டரி போட்டதும் ஃபிளாஷ் அடித்தது, மோட்டார் சத்தம் கேட்டதும் பொங்கலன்று அப்பா எங்களை வரிசையாக நிறுத்திப் படமெடுத்த நாட்கள் ஞாபகம் வந்துவிட்டன. கோடாக் கோல்டு 200 ஃபிலிம், 36 படங்கள், முழு ரோலையும் சிராங்கூன் சாலையிலேயே முடித்தேன். கழுவிப் பார்த்தால் பாதிப் படங்களின் ஓரத்தில் ஆரஞ்சுப் பட்டை. பின்கதவுப் பள்ளத்தில் இருக்கும் கறுப்பு ஸ்பாஞ்சு தார் மாதிரி விரலில் ஒட்டுகிறது, ஒளி அங்கேதான் கசிகிறது என்று நினைக்கிறேன். லென்ஸில் பூஞ்சை இல்லை, நம் ஊர் ஈரத்துக்கு அதுவே பெரிய விஷயம். ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புது ஸ்பாஞ்சை நானே ஒட்டலாமா, எத்தனை மிமீ தடிமன் வேண்டும்? அப்புறம், பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் இதைச் செய்து தருபவர்கள் இருக்கிறார்களா? அடுத்த ரோலில் அம்மாவைப் படமெடுக்க வேண்டும்.