12 வோல்ட் பெட்டரியில கேத்தல் போடலாமா?

மஸ்கெலியாக்காரன்:
400 வொட் சோலார் தகடு, 100 அம்பியர்-மணி ஈய பெட்டரி, பெட்டரி கரண்டை வீட்டுக் கரண்டா மாத்துற 2000 வொட் இன்வேட்டர். பல்பு, டீவி எல்லாம் நல்லா ஓடுது. நேத்து காலையில தோட்டத்துல வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்கு முந்தி 1500 வொட் கேத்தலைப் போட்டேன். ஒரு நிமிசம் ஆகல்ல, இன்வேட்டர் கீ... கீ...ன்னு கத்தி நின்னுடுச்சு. மீட்டர்ல 12.5 வோல்ட் இருந்தது 10.4க்கு இறங்கிடுச்சு. வயரைத் தொட்டா சுடுது. கடைக்காரர் என்னத்தையும் போடலாம்னு சொல்லித்தான் குடுத்தாரு!

பண்டாரவளைக் கச்சான்:
தம்பி, 1500ஐ 12ஆல பிரிங்க: 125 அம்பியர். இன்வேட்டர் சேதாரமும் சேர்த்தா 140 கிட்ட வரும். உங்க 100 அம்பியர்-மணி ஈய பெட்டரியால வோல்ட் விழாம அந்த வேகத்துல குடுக்க முடியாது. லித்திய பெட்டரிக்கு மாறுங்க. அதுக்குள்ள இருக்கிற பாதுகாப்பு சர்க்கியூட், பிஎம்எஸ்னு சொல்றது, 150 அம்பியராவது தாங்கணும். வயர் 35 சதுர மில்லிமீற்றர், பியூஸ் பெட்டரி பக்கத்துலயே. மத்தபடி கேத்தல் 5 நிமிசத்துல திங்கிறது 125 வொட்-மணிதான். யாரும் பயப்படாத ரைஸ் குக்கர் 400 வொட்ல 25 நிமிசம் ஓடினா 160ஐத் தாண்டும். பாய்மரப் படகுல போறவங்க 12 வோல்ட்லயே தேத்தண்ணி போடுறாங்க.

ஹட்டன் மூடுபனி:
படகுக்காரன் மேகம் போட்டா என்ஜினை ஓட்டி சார்ஜ் ஏத்திக்குவான். மஸ்கெலியாவுல ஜூன் மாசம் எதை ஓட்டுறது? வாரக்கணக்கா மூடிக்கிடக்கும். என் தகட்டுல அப்போ வெயில் நாள்ல வர்றதுல கால்வாசிகூட வராது. சூடாக்குற வேலைக்கு அடுப்பு இருக்கே.

பண்டாரவளைக் கச்சான்:
இங்க அந்த மாசத்துல மலையைத் தாண்டி வர்ற கச்சான் காத்து அடிச்சு காயுது.

ஹட்டன் மூடுபனி:
அது உங்க பக்கம் அண்ணே! எங்க மழைதான் உங்க வெயில்.

லயத்து அக்கா:
அடுப்புன்னு லேசா சொல்லிட்டீங்க. கவ்வாத்துல வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி, அந்த மிலாறை கட்டித் தூக்கிட்டு வர்றது யாரு? மழையில நனைஞ்ச மிலாறை ஊதி ஊதி கண்ணு எரியுறது யாருக்கு?

ஹட்டன் மூடுபனி:
கோவிக்காதீங்க அக்கா. மத்தியானம் வெயில் இருக்கயில கொதிக்கவச்சு பிளாஸ்க்ல ஊத்தி வைக்கலாம்ல?

லயத்து அக்கா:
விடிய அஞ்சு மணிக்கு அதுல பிளேன்டீ போட்டு நீங்க குடிச்சுக் காட்டுங்க.

பண்டாரவளைக் கச்சான்:
லித்தியத்துக்கு காசு சேருற வரைக்கும் 600 வொட் சின்னக் கேத்தல் பாருங்க. அரை லீற்றர்தான், 5 நிமிசம் போல ஆகும். 55 அம்பியர் சுமாரா இழுக்கும். ஈய பெட்டரிக்கு அதுவும் பாரம்தான், ஆனா தாங்கும்.

மஸ்கெலியாக்காரன்:
சரிங்க அண்ணே. இப்போ கழட்டிப் பார்த்தேன், கடைக்காரர் போட்டது 6 சதுர மில்லிமீற்றர் வயர். பியூஸே இல்ல.