புதுப்பிப்பு: காவுதடிக் கணக்கு சரி வந்துவிட்டது

போன கிழமை நான் கேட்டது இதுதான்: டச்சுக்குடாக் கரையிலிருந்து 20 கிலோ மீன் பெட்டியை 2 மீற்றர் மூங்கில் தடியில் கட்டி நானும் தம்பியும் காவினோம். பெட்டி என் பக்கம், முனையிலிருந்து அரை மீற்றரில். மொத்த விசை பூச்சியம் என்றால் ஆளுக்குப் பாதிதானே, பிறகு ஏன் என் தோள் மட்டும் கழன்றது?

பதில் போட்ட அக்காவுக்கு நன்றி. விசைகளின் கூட்டுத்தொகை பூச்சியமானால் தடி மேலோ கீழோ போகாது, அவ்வளவுதான். அது சுழலாமலிருக்க திருப்பங்களும் (விசை × ஒரு புள்ளியிலிருந்து அதன் தூரம்) சமப்பட வேண்டும். அதை நான் விட்டுவிட்டேன். என் முனையைச் சுழல்மையமாக, அதாவது தூரம் அளக்கும் அந்தப் புள்ளியாக எடுத்தால் என் விசையின் திருப்பம் பூச்சியம். தெரியாத ஒன்று தானாகவே கழன்றுவிடுகிறது. 20 × 0.5 = தம்பியின் பங்கு × 2. அவனுக்கு 5 கிலோ, எனக்கு 15. கள்ளன்!

நம்பாமல் மாமாவிடம் இரண்டு விற்றராசு வாங்கி முனைகளில் கொளுவிப் பார்த்தேன். 16, 6 காட்டின. முதலில் குழம்பினேன். அப்புறம்தான் 2 கிலோ தடி ஞாபகம் வந்தது. அதன் நிறை நடுவில் தாக்குவதால் இரு பக்கமும் ஒவ்வொரு கிலோ.

தடியின் நடுவைச் சுழல்மையமாக வைத்தும் செய்தேன். இரண்டு சமன்பாடு, கொஞ்சம் இழுபறி, ஆனால் அதே விடை. எந்தப் புள்ளியும் சரிதான், சோம்பேறிக்கு முனைதான் வசதி.

அடுத்த முறை பெட்டி தம்பி பக்கம்.