கோடியக்கரைச் சதுப்பில் பறவை பார்த்தவர்கள்: அனுபவப் பகிர்வு

காவிரிக்கரை:
தை மாதக் கடைசியில், அகத்தியம்பள்ளி உப்பளங்களைத் தாண்டியதும் வழக்கமாக எல்லோரும் நிறுத்தும் இடத்தில்தான் நாங்களும் வண்டியை நிறுத்தினோம். பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழாக இருக்கும்படி நீரை அரித்துக்கொண்டிருந்தன. எங்களுக்கு முன்பே வந்திருந்த குழுவில் ஒருவர், சிறகின் சிவப்பு பறக்கும்போதுதான் படத்தில் விழும் என்று சொல்ல, இன்னொருவர் கரையிலிருந்து இறங்கிக் கைகளைத் தட்டிக்கொண்டே ஓடினார். பூநாரை நின்ற இடத்திலிருந்து எழும் பறவையன்று. கழுத்தை நீட்டி, நீரின்மேல் கொஞ்ச தூரம் ஓடித்தான் மேலெழும். கூட்டம் முழுவதும் எழுந்து தெற்கே திரும்பிய பிறகும், சாம்பல் நிறம் மாறாத இளம்பறவை ஒன்று எழுவதும் விழுவதுமாக ஓடிக்கொண்டே இருந்தது. கானல் அதை மறைத்துவிட்டது. அது கூட்டத்தோடு சேர்ந்ததா என்று இன்றும் யோசிக்கிறேன்.

உமரி:
கைதட்டியவரை நானும் கண்டிக்கிறேன். ஆனால் இத்தகைய பதிவுகளைப் படிப்பவர்கள், மனிதக் காலடி பட்டாலே பறவைகள் ஓடிவிடும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். என் தந்தை உப்பளத்தில் வேலை பார்த்தவர். மாசியில் அவருக்குச் சோறு கொண்டு போனபோது, உப்பு வாரும் பெண்கள் வரப்பில் வரிசையாகப் பேசிக்கொண்டே வந்தார்கள். பக்கத்து நீர்த்தேக்கத்தில் நின்ற பூநாரைகள் நாலு அடி விலகி நின்று, அவர்கள் கடந்ததும் பழைய இடத்துக்கே திரும்பின. தினமும் ஒரே தடத்தில், ஒரே வேகத்தில் நடப்பவரை அவை பொருட்படுத்துவதில்லை. நேராகத் தம்மை நோக்கி வருபவரைத்தான் அஞ்சுகின்றன.

தொலைநோக்கி:
உமரி சொல்வது பூநாரைக்குப் பொருந்தலாம். சேற்றில் இரை தேடும் சிறு கரைப்பறவைகளான உள்ளான்களுக்குப் பொருந்தாது. பைரி என்னும் வேட்டைப் பறவை ஒன்று தாழப் பறந்து வந்த கணத்தில், சேற்றில் பரவியிருந்த கொசு உள்ளான்கள் அனைத்தும் ஒரே துணியை உதறியதுபோல் எழுந்ததைக் கண்டேன். நடுவில் புகுந்த பைரி வெறுங்காலோடு திரும்பியது. என் அனுபவம் அவ்வளவுதான்.

புதிதாகச் செல்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். ஐப்பசியிலேயே வலசைப் பறவைகள் வந்துவிட்டாலும், வடகிழக்குப் பருவமழை சதுப்பை நிரப்பியிருக்கும் நாட்களில் குட்டைக்கால் உள்ளான்களைத் தேடிப் பயனில்லை. அவற்றுக்குக் கணுக்கால் அளவுக்கும் குறைவான நீரும் ஈரச் சேறும் வேண்டும். ஆகவே மழை ஓய்ந்து நீர் வடியும் தை, மாசி மாதங்களே சிறந்தவை. உப்பு விளையும் பாத்திகளில் நேரத்தைச் செலவிடாதீர்கள். அந்த அடர்ந்த உவர்நீரில் இரை அரிது, கடல்நீரை முதலில் தேக்கும் பரந்த தேக்கங்களில்தான் கூட்டம் இருக்கும். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். வண்டிக்குள்ளிருந்தே பாருங்கள்; கதவைத் திறந்து இறங்கும் மனித உருவத்துக்குத்தான் பறவைகள் மிரள்கின்றன. தலையை நிமிர்த்தி மேய்வதை நிறுத்திவிட்டால், நீங்கள் ஏற்கெனவே மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள். ஆர்க்டிக் பகுதியிலிருந்து வரும் கொசு உள்ளானின் எடை வழக்கமாக முப்பது கிராமுக்கும் குறைவு. திரும்பிப் புறப்படுமுன் அது கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அந்தச் சேமிப்பில்தான் கை வைக்கிறோம். 1967இலேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் இதைச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது.

சேற்றுத்தடம்:
அறிவுரைக்கு நன்றி, நான் வண்டிக்குள்தான் இருந்தேன். உமரிச் செடிகளின் ஓரத்தில் மேய்ந்த ஓர் உள்ளானின் காலில் உலோக வளையம் மின்னியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு எண் பொறித்த வளையமிட்டு வருவதால், அது இங்கேயே மாட்டப்பட்டு ஆர்க்டிக் பகுதி வரை போய் வந்த பறவையாகவும் இருக்கலாம். வேறு நாட்டில் மாட்டியதாகவும் இருக்கலாம். எண்ணைப் படிப்பதற்குள் அது செடிக்குப் பின்னால் போய்விட்டது. பறவையைப் பிடிக்காமல், படத்திலிருந்தே அத்தகைய எண்ணைப் படித்தவர் யாராவது இருந்தால், எந்த லென்ஸில், எவ்வளவு தொலைவிலிருந்து எடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.