உதவி: பால்வெட்டுப் பயிற்சி ஹெட்செட்டில் மரம் நகர்ந்துபோகிறது

குலசேகரம் தம்பி:
ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் பால்வெட்டைப் பழகுபவர்களுக்காக விஆர் (மெய்நிகர் காட்சி) ஹெட்செட் செய்கிறேன். மாட்டியதும் திரையில் மரம் நேரே நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் இடப்பக்கம் நகர்கிறது. தலையைத் திருப்பவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காட்ட வேண்டும், அவசரம்.

களியல்:
என்ன சென்சார்? கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு? பக்கவாட்டில் மட்டுமா, மேலே கீழேயும் சரிகிறதா?

அருமனை அண்ணன்:
எங்கே வைத்துப் பார்க்கிறாய் தம்பி? ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையான புரையிலா? அப்படியானால் மெஷின் இரும்புதான் காரணம். அங்கே என் ஃபோன் திசைகாட்டியே தப்பாகக் காட்டும்.

குலசேகரம் தம்பி:
புரையில்தான். சென்சார் எம்பியூ 6050, அதைப் படிக்கும் சின்னக் கணினி ராஸ்ப்பெர்ரி பை. ஐந்து நிமிடத்தில். பக்கவாட்டில் மட்டும்.

சர்க்யூட் சார்:
இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். அந்த சிப்பில் திசைகாட்டி போன்ற காந்தமானியே கிடையாது, இரும்பு என்ன செய்யும்? அதிலுள்ள கைரோ, சுழலும் வேகத்தைத்தான் சொல்லும். சும்மா இருக்கும்போதும் சின்னப் பிழை வரும். கூட்டிக்கொண்டே போனால் கோணம் பிசகும். சாய்வை ஈர்ப்பு விசையை வைத்துத் திருத்தலாம். இடம் வலம் திரும்புவது அதற்குத் தெரியாது. அரிச்சுவடி படிக்காமல் இறங்கினால் இப்படித்தான்.

களியல்:
திட்டாமலும் சொல்லலாம் சார். தம்பி, சென்சார் சூடேறியதும் பத்து விநாடி ஆடாமல் வை. அப்போது வரும் சராசரியைக் கழித்துவிடு.

அருமனை அண்ணன்:
சரி, இரும்பு இல்லை. ஆனால் கண்ணாடி மாட்டி வெட்டுப் படிக்க முடியுமா? கத்தி பட்டையில் எவ்வளவு இறங்குகிறது என்பது கைக்குத்தான் தெரியும். ஆழம் கூடினால் மரத்தில் காயம். ஆறினாலும் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும்.

கடையாலுமூடு அக்கா:
அண்ணே, முதல் மாதம் எனக்குப் பிடிபடாதது 30 டிகிரி சரிவுதான். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கணும். அதைப் பழக உயிருள்ள மரம் எதற்கு?

அருமனை அண்ணன்:
கோணம் வரையத் தகடு இருக்கிறதே.

கடையாலுமூடு அக்கா:
தகடு கோட்டைக் காட்டும். கை வழுவுவதை யார் காட்டுவது?

சர்க்யூட் சார்:
இருவரும் சொல்வது சரி. தம்பியின் கருவிக்குத் தலை திரும்புவது மட்டும்தான் தெரியும், குனிந்து மரத்தை நெருங்குவது தெரியாது. 1968-இலேயே, தலையில் மாட்டும் திரையைச் செய்த இவான் சதர்லேண்ட், தலையின் இடத்தை அறியக் கூரையிலிருந்து ஒரு இயந்திரக் கையைத் தொங்கவிட்டார். உனக்கு ஹெட்செட்டில் ஒரு கேமரா போதும். மரத்துக்குப் பதில் ஒரு தடியை நட்டு, கேமரா பார்த்து இடத்தை அறிய அச்சடித்த குறியை அதில் ஒட்டு. நகர்வும் திருந்தும், கைக்கும் ஏதோ தட்டுப்படும்.

குலசேகரம் தம்பி:
சராசரி கழித்தேன், நகர்வு நன்றாகக் குறைந்துவிட்டது. தடி நடுகிறேன். அக்கா, ஞாயிறு வந்து கத்தி பிடித்துப் பார்ப்பீர்களா?