மில்டூராவில் அம்மாவின் பல்செட்: யாரைக் கேட்பது?

கேள்வி:
நாங்கள் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மில்டூராவில் இருக்கிறோம். அம்மாவிடம் ஓய்வூதிய அட்டை இருக்கிறது. பொதுப் பல் கிளினிக்கில் பெயர் கொடுத்துவிட்டு, கீழ்வரிசைப் பல் இல்லாமல் குழைந்த சோறும் ரசமுமாக ஓட்டுகிறார். முறுக்கை இடித்துப் பொடியாக்கித் தரச் சொல்கிறார்! தனியாரிடம் போகக் கட்டுப்படியாகாது. மெல்பர்ன் கார்ல்டனில் உள்ள பல் மருத்துவமனை 500 கிலோமீட்டருக்கும் மேல். இங்கே பயணிகள் ரயில் 1993-லேயே நின்றுவிட்டது. எங்கள் மாநில மேலவை உறுப்பினர் அவையில் அரசைக் கேட்டால் ஏதாவது நடக்குமா?

பதில் 1:
கேட்கச் சொல்லுங்கள். மத்திய அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் பெரியவர்களின் பல்லை அநேகமாகத் தொடாது. பொதுப் பல் வைத்தியத்தை நடத்துவது மாநிலம்தான். அதனால் கான்பெராவுக்கு, அதாவது மத்திய அரசுக்கு, எழுதிப் பயனில்லை. பல்லுக்கு ஒரு கேள்வி, ரயிலுக்கு ஒரு கேள்வி என்று தனித்தனியாக இருக்கட்டும். கலந்தால் இரண்டு அமைச்சர்களும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

பதில் 2:
ரயில் பற்றிக் கேட்டால், 2023 மார்ச்சில் வி/லைன் (மாநிலத்தின் வெளியூர் ரயில், பஸ் சேவை) கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்ததைத்தான் பதிலாகச் சொல்வார்கள். டிக்கெட் மலிவு சரி, வண்டி எங்கே என்று துணைக்கேள்வி தயாராக இருக்கட்டும். அப்புறம், அம்மாவுக்கு வலி, வீக்கம் என்றால் கிளினிக்குக்கு உடனே போன் பண்ணுங்கள். அவசரத்துக்கு முன்னுரிமை உண்டு.