நொய்யல்: குடும்பக் குழுவில் ஒரு மாலைப் பேச்சு

நான்: பெரியப்பா, காலேஜ் ப்ராஜெக்டுக்கு நொய்யல் ஆற்றை எடுத்திருக்கிறேன். வெள்ளியங்கிரி மலையில் தொடங்கி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்கிற ஊரில் காவிரியில் சேருகிறது, நீளம் சுமார் 180 கிலோமீட்டர். இதுவரை எழுதிவிட்டேன். சிறுவாணியும் இதில்தானே கலக்கிறது?

பேரூர் மாமா: இல்லைங்க மாப்பிள்ளை. சிறுவாணி கேரளப் பக்கம் ஓடிப் பவானியில் சேருகிறது. மலையைக் குடைந்து சுரங்கம் வழியாகத்தான் கோவைக்குக் குடிதண்ணீர் கொண்டு வருகிறார்கள். கோவைக் குற்றாலத்தில் விழுகிற தண்ணீர்தான் நொய்யலுக்கு வரும்.

பெரியப்பா: கண்ணு, நீளத்தை விடு, குளங்களை எழுது. மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கீழே நம் சமவெளி மழை மறைவுப் பகுதி, ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் பெய்தாலே பெரிது. ஆற்றில் வெள்ளம் வந்தால் சில நாள்தான் ஓடும். அதைப் பிடித்து வைக்கத்தான் அந்தக் காலத்திலேயே குறுக்கே சின்னச் சின்ன அணைக்கட்டுகள் கட்டி வாய்க்கால் வெட்டினார்கள். சித்திரைச்சாவடி அணைக்கட்டில் பிரிகிற வாய்க்கால் புதுக்குளம், கோளராம்பதி, நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி என்று நிரப்பிக்கொண்டே போகும். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர், சூலூர் எல்லாம் நொய்யலை நம்பிய குளங்கள். குளத்தில் தண்ணீர் நின்றால்தான் சுற்றுவட்டாரக் கிணறு ஊறும். கோவை ஊரே இந்தக் குளங்களைச் சுற்றி வளர்ந்ததுதான்.

சென்னிமலை அத்தை: அண்ணா, எங்கள் பக்கத்தையும் சொல்லுங்கள்.

பெரியப்பா: நீயே சொல்லம்மா. அங்கேயே இருந்து பார்த்தவள்.

சென்னிமலை அத்தை: ஒரத்துப்பாளையம் அணையை 1992-இல் கட்டி முடித்தார்கள். 10,000 ஏக்கருக்கு மேல் பாசனம், பெரும்பகுதி கரூர் மாவட்டத்துக்கு. திருப்பூரில் பனியன் தொழில் வளர வளர, சாயக்கழிவு ஆற்றோடு வந்து இந்த அணையில் தேங்கியது. சுற்றியுள்ள கிணறெல்லாம் உப்பு. எங்கள் தென்னையில் குரும்பை நிற்கவே இல்லை, மாடு அந்தத் தண்ணீரில் வாய் வைக்காது. பாசனத்துக்கு என்று கட்டிய அணை, கடைசியில் விவசாயிகளே அதில் தண்ணீர் தேக்க வேண்டாம் என்று சொல்லும் நிலைமை. கோர்ட்டுக்குப் போனதும் விவசாயிகள்தான்.

நான்: தீர்ப்பு என்ன ஆனது அத்தை?

சென்னிமலை அத்தை: 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவு போட்டது. கழிவுநீர் துளியும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம். அப்போது வேலை போனவர்கள் நம் சொந்தத்திலும் உண்டு. அதையும் எழுது கண்ணு. ஆனால் மண்ணில் ஏறிய உப்பு உத்தரவு போட்டதும் இறங்கிவிடவில்லை.

பெரியப்பா: அணையிலிருந்து கொடுமணல் பக்கம்தான், ஆற்றின் வடகரை. 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கல்மணி பட்டை தீட்டினார்கள், இரும்பு உருக்கினார்கள். தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் அகழாய்வில் நிறையக் கிடைத்தன. பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று சொல்வது இந்த ஊரைத்தான். கேரளக் கரையில் இருந்த பழைய துறைமுகமான முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர் போன வணிகப் பாதை இந்த ஆற்றோரமாக வந்தது. வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் கிடைத்ததற்கும் அதுதான் காரணம்.

நான்: பெரியப்பா, இது புதிது எனக்கு. கட்டாயம் சேர்க்கிறேன்.

பேரூர் மாமா: வரைபடம் போடும்போது ஆற்றுக் கோட்டோடு நிறுத்திவிடாதீங்க. வாய்க்கால், குளம் எல்லாம் குறியுங்க. எங்கள் வாய்க்காலில் மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடக்கிறது. ஜூன் மழைக்கு முன் தூர் வாரச் சொல்லி மனு எழுதுகிறோம், உங்கள் படத்தையும் அதோடு வைக்கலாம்.

நான்: சரிங்க மாமா. சனிக்கிழமை வருகிறேன், வாய்க்காலோரமாக நடந்தே குறித்துக்கொள்ளலாம்.

பேரூர் மாமா: காலையிலேயே வாங்க. மேலே ஆலாந்துறை வரைக்கும் போய்ப் பார்த்துவிடலாம்.