சென்டர்பின் ரீலுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். தூண்டில் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன், நாளை மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் சென்டர்பின் ரீலில் வந்து நிற்கிறது. இதில் பற்சக்கரமே கிடையாது. நடுவில் ஓர் ஆணி, அதன்மேல் சுழலும் அகன்ற உருளை, அவ்வளவுதான். ஆற்றோட்டம் தக்கையை இழுக்க, அந்த இழுப்பிலேயே உருளை சுழன்று நரம்பை விடும். ‘மைய ஊசிச் சுருள்’ சரியா?

> மைய ஊசிச் சுருள்

வேண்டாம் ஐயா. ஊசி குத்துவது, இது தாங்குவது. ‘அச்சாணி உருளை’ எல்லோருக்கும் புரியும்.

> அச்சாணி உருளை

புரியும், ஆனால் பிழை. அச்சாணி என்பது சக்கரம் கழன்றுவிடாமல் அச்சின் முனையில் செருகுவது. 667ஆம் குறளில் வருவதும் அதுதான். நூற்கும் ராட்டையில் இருப்பது கதிர். ‘கதிர் ராட்டை’ என்போம், நல்ல பழஞ்சொல்.

> கதிர் ராட்டை

கதிர் தானே சுழலும். இங்கே ஆணி அசையாது, உருளைதான் சுழலும். ‘நடுவாணி ராட்டை’ என்பேன். ‘நடு’ முற்றியலுகரம், ஆகவே வகர உடம்படுமெய்.

> ஆகவே வகர உடம்படுமெய்

அப்படியானால் நட்டாறு எப்படி வந்தது? நடுவாறு என்று யார் சொல்கிறார்கள்? ‘நட்டாணி’தான் மரபு.

நட்டாணி என்றால் மாணவர்கள் நட்டு வைத்த ஆணி என்பார்கள். எனக்குப் பெயரே வேறு பக்கம் போகவேண்டும் என்று தோன்றுகிறது. இந்த ரீலைப் பிடித்தவருக்குத் தெரியும், ஆணியைவிடக் கட்டைவிரல்தான் முக்கியம். உருளையின் விளிம்பில் விரலை லேசாக வைத்து அழுத்தினால் தக்கை சற்றுப் பின்தங்கும், இரை அதற்கு முன்னே மிதந்து போகும். மீன் கடித்ததும் அதே விரல் விளிம்பை இறுக்கிப் பிடிக்க, தூண்டிலைச் சுண்டலாம். தடை முழுக்க விரலில் இருக்கிறது. ஆகவே ‘விரல்தடை ராட்டை’.

> விரல்தடை ராட்டை

அழகான சொல். ஆனால் விரலால் தடுக்கும் ரீல்கள் வேறும் உண்டே அம்மா. ஆணிமேல் நேராகச் சுழல்வதுதான் இதன் தனித்தன்மை.

எல்லோருக்கும் நன்றி. ‘நடுவாணி ராட்டை’ என்றே போட்டுவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் சென்டர்பின் என்று சேர்த்திருக்கிறேன். அப்புறம், பயன்படுத்தும் முறை பற்றிய பகுதியில் ‘விரல்தடை’ நாலு இடத்தில் வருகிறது.

நட்டாணியை நான் விடுவதாக இல்லை. அடுத்த பதிப்புக்குச் சான்றுகளோடு வருகிறேன்.